ஒரு லோரி செங்கல்

போனில் கேட்டது சரியாகத்தான் கேட்டது.
'செங்கல் வேணும் தங்கச்சி, ஆத்துப் பாலத்துக்கு.
வெள்ளிக்கிழமைக்குள்ள.'
எழுதிக்கொண்டேன்.
பீடோரில் மரம், சிமெண்டு, ஆணி, வாளி
எல்லாம் ஒரே தகரத்தின் கீழ் விற்கும்
லிம் முதலாளிக்கு
நான்தான் தமிழ்க் காது.

வெள்ளிக்கிழமை காலை
ஐந்நூறு சிவப்புக் கற்கள்
ஆறாங்கட்டைத் தோட்டத்தில் ஆற்றோரம் இறங்கின.
கூலி வாங்கி லோரியும் திரும்பிவிட்டது.
அங்கிருந்தவர்கள் கல்லைப் பார்த்தார்களாம்,
தண்ணீரைப் பார்த்தார்களாம்.
'அணை கட்டவா சொன்னேன்?'
என்றாராம் பவளேந்திரன்.

அவர் கேட்டது மரம்.
மலாய்க்காரர் அந்தப் பெயரைச் சொல்லும்போது
ககரம் வெடிப்பதே இல்லை,
மூக்குக்குள் ஒரு முனகல், அவ்வளவுதான்.
நம் வாய்க்கு வந்ததும்
சூளையில் வெந்து கல்லாகிவிடுகிறது.

லோரி வாடகை எண்பது வெள்ளி
என் சம்பளத்தில் கழிந்தது.
கழிந்த பணத்துக்கு முகம் பார்க்கவேண்டும் போலிருந்தது.
மதியம், பின்கொட்டகையில்
அறுத்து மிஞ்சிய ஒரு துண்டைத் தூக்கினேன்.
மணிக்கட்டு இறங்கியது.
கை கழுவும் வாளியில் போட்டேன்.
மரம் மிதக்கும் என்று யார் சொன்னது?
அடியில் போய் உட்கார்ந்துகொண்டு
என்னைப் பார்த்தது.

ஆணி அடித்தேன், ஆணி வளைந்தது.
இன்னொன்று. அதுவும்.
ரஃபிகுல் சிரித்தபடி துளைக்கருவியை நீட்டினான்:
முதலில் ஓட்டை, பிறகுதான் ஆணி.
ரம்பம் மாதத்துக்கு இரண்டு முறை
பல் தீட்டப் போவதன் காரணம்
அன்றுதான் தெரிந்தது.

அறுத்த அன்று மங்கிய மஞ்சள்.
வெயில் பட்டுப் பட்டு
ஊறிய தேயிலைச் சாயம்.
உடம்பெங்கும் ஊசித் துளைகள்.
அதைக் காட்டி விலை குறைக்கச் சொல்வார்கள்,
நான் குறைப்பதில்லை.
பச்சையாய் இருந்தபோது வண்டு போட்ட துளை அது,
காய்ந்ததும் வண்டும் போயிற்று.
கறையான் தின்னட்டும், வெளுத்த ஓரத்தை மட்டும் தின்னும்.
உள்ளே வைரம்.
வைரம் பாய்ந்த கட்டை என்று
எத்தனை கிழவர்களைச் சொல்லியிருப்போம்,
ஒரு கட்டையையும் தொட்டுப் பார்க்காமல்.

ஆறாங்கட்டையைச் சுற்றி
நாலாயிரம் ஏக்கர் செம்பனை.
வெட்டினால் நாரும் ஈரமும்,
ஒரு தூணுக்கு ஆகாது.
அதற்கு முன் நின்ற பால்மரம்
நாற்காலிக்கு நல்ல பிள்ளை,
ஆற்றில் இறக்கினால் இரண்டு மழைக்குள் சோறு.
பழைய பாலம் அதில்தான் போட்டது.
மார்ச்சில், இரவு வேலை முடிந்து வந்த
சுகுணவதியின் மோட்டார்சைக்கிளோடு
உட்கார்ந்தது.
அவளுக்கு முழங்கால். வண்டிக்கு எல்லாம்.

மறுபடி பவளேந்திரன் வந்தார், இம்முறை நேரில்.
கணக்குப் போட்டோம்.
டன் விலையைக் கேட்டு
அவர் வசூல் நோட்டை மூடினார், திறந்தார்.
'எல்லாத்துக்கும் வேணாம்ணே,' என்றேன்.
'மேல் பலகைக்கு கெருயிங் போதும்,
தேய்ந்தா மாத்திக்கலாம்.
தண்ணிக்குள்ள நிக்கிற காலுக்கும்
காலைப் பிடிக்கிற உத்தரத்துக்கும் மட்டும் இது.'
பதினொரு துண்டு.
ரசீதில் அந்தப் பெயரை எழுத
எழுத்துத் தேடினேன்.
பள்ளியில் படித்த நாளிலிருந்து
தனியாக வேலை கொடுக்காத ஓர் எழுத்து இருந்தது.
செங்ஙல் என்று எழுதினேன்.
அவர் வாய்விட்டுப் படித்தார்,
மூக்கைத் தடவிக்கொண்டார்.

கற்களை யாரும் திருப்பித் தரவில்லை.
ஒன்று கேஸ் தோம்புக்கு அடியில்,
நாலு கோழிக்கூட்டுக்கு,
பல, யார் வீட்டுக்கோ.
மிஞ்சியவற்றை அடுக்கி
பாலத்தின் இரு முனையிலும் சரிவு கட்டியிருக்கிறார்கள்.

போன ஞாயிறு போய்ப் பார்த்தேன்.
வண்டி ஏறும்போது ஒரு டக், இறங்கும்போது ஒரு டக்.
அவை என் எண்பது வெள்ளி.
நடுவில் பலகைகள் கடகடவென்று பேசுகின்றன.
அதற்கும் கீழே,
இடுப்பளவு கலங்கிய நீரில் நிற்பவை
ஒன்றும் சொல்லவில்லை.